குல்பாக்கிலிருந்து கிளம்பிய கொடி

குல்பாக் பட்டறையின் சுவரில் மாட்டியிருந்த பூத்தையல் துணியிலிருந்து ஒரு கொடி, துணியின் ஓரம் முடிந்த பிறகும் நிற்காமல், சுண்ணாம்புச் சுவரில் ஒரு சாண் தூரம் நூலாகவே வளர்ந்து போயிருந்ததை ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில் முதலில் பார்த்தவள் ஹோசியத்; பார்த்தவள் கையிலிருந்த கெட்டிலை அடுப்பில் வைத்து, தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்து, தேயிலையைப் போட்டு மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மஸ்தூரா, துணி வெளியே வந்திருக்கு. வந்து பாரு."

மஸ்தூரா வந்து பார்த்தாள். சிவப்புத் தண்டு, பச்சை இலை மூன்று, நான்காவது இலை பாதி. விரலால் தடவினாள். நூல் சுண்ணாம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சுண்ணாம்புக்குள் போய்த் திரும்பி வந்த சங்கிலித் தையல், முடிச்சு எங்கும் தெரியாத நல்ல தையல். தையல்காரி எந்த வேலையையும் பின்பக்கம் பார்த்துத்தான் எடைபோடுவாள் என்பதால் அவள் கட்டடத்தைச் சுற்றி நடந்து சுவரின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். பின்பக்கமும் சுத்தமாக இருந்தது.

"யாரு வேலை இது?" என்று கேட்டாள் ஹோசியத்.

"தெரியல, ஓபா," என்றாள் மஸ்தூரா. வயதில் மூத்த பெண்ணை அந்த ஊரில் ஓபா என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியவில்லை என்று அவள் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த இலைகளின் வளைவு அவளுக்குப் பழக்கமானது; அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குல்பாக், உஸ்பெகிஸ்தானில் புகாரா நகரத்துக்கு வடக்கே, பருத்தி வயல்கள் முடிந்து பாலைவனம் தொடங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் இருக்கிறது. ஊரின் பாதி ஆண்கள் ரஷ்யாவில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பாதி போவதற்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைக் காலர் தைக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் காலர் மட்டுமே தைத்த மஸ்தூரா, தொழிற்சாலை மூடிய பிறகு, பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பழைய பாலர் பள்ளியைக் கேட்டு வாங்கி அங்கே பட்டறை போட்டாள். சுவரில் முயல்களும் காளான்களும் வரைந்திருந்தன. கை கழுவும் தொட்டிகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. பதினொரு பெண்கள் வந்தார்கள். முதல் வாரம் அவர்களுடைய மாமியார்களும் வந்து, இங்கே என்னதான் நடக்கிறது என்று சுவரோரமாக உட்கார்ந்து கவனித்தார்கள். இரண்டாவது வாரம் அவர்களில் மூன்று பேர் வரும்போதே மூக்குக் கண்ணாடி கொண்டுவந்தார்கள்.

அவர்கள் செய்வது சூசானி, அதாவது ஒரு சுவரை மறைக்கிற அளவுக்குப் பெரிய பூத்தையல் துணி. அதற்கு ஐந்து நீளத் துண்டுகளை முதலில் தளர்வாக இணைத்துப் பரப்புவார்கள். கோலக்காரி ஒருத்தி அதன் மேல் மண்டியிட்டு, பூவும் கொடியும் மாதுளையுமாக முழுவதையும் ஒரே மூச்சில் வரைவாள். பிறகு துண்டுகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்து, மறுபடி கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதனால் ஒரு பூவின் இடப்பாதி ஒருத்தியுடையது, வலப்பாதி இன்னொருத்தியுடையது. இரண்டும் சேருமிடத்தில் ஒரு நூலளவு விலகல் எப்போதும் இருக்கும். அந்த விலகலைப் பார்த்தே, இந்த வாரம் யார் யாரோடு பேசவில்லை என்று ஹோசியத் சொல்லிவிடுவாள். துணியின் ஒரு மூலையில் ஓர் இலையை மட்டும் நிரப்பாமல் விட்டுவிடுவது வழக்கம். வீட்டில் செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்பார்கள்.

அந்த வருடம் தாஷ்கண்டிலிருந்து கமோலா என்ற உடை வடிவமைப்பாளர் புதுக் கடை திறக்கப் போவதாகவும், கடையின் நடுச்சுவருக்கு ஒரு சூசானியும் அதைத் தொடர்ந்து பூத்தையல் போட்ட கோட்டுகள் நாற்பதும் வேண்டுமென்றும் சொல்லியிருந்தாள். நாற்பது கோட்டு என்பது பதினொரு பெண்களுக்கு ஒரு வருட வேலை. அந்த ஒரு வருடத்தில் யாருடைய மகனும் டிக்கெட் போட வேண்டியதில்லை. கமோலா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள்: மூலையில் வெற்று இலை கூடாது, நகரத்து வாடிக்கையாளர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். திங்கட்கிழமை மத்தியானம் மஸ்தூராவே ஊசியை எடுத்து அந்த இலையை நிரப்பினாள். செவ்வாய்க்கிழமை கொடி வெளியே வந்தது. அதனால்தான் வந்தது என்று சிலர் சொன்னார்கள். நூலுக்குச் சாயமேற்றிய மஞ்சிட்டி வேர் அந்த வருடம் மிகவும் தரமாக இருந்ததால்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். வந்தது வந்துவிட்டது, தேநீர் ஆறுகிறது என்று ஹோசியத் சொன்னாள். காரணத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

முதல் நாள் ஒரு சாண் வளர்ந்த கொடி இரண்டாம் நாள் ஒரு முழம் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை முயல்களின் காதுகளைச் சுற்றிக்கொண்டு வாசற்படி இறங்கியது. அடுத்த வாரம் தெருவுக்கு வந்து, மண்ணில் தையலாகவே ஊன்றி, முசுக்கட்டை மரங்களின் நிழலில் மேற்குப் பக்கமாகத் திரும்பியது. ஊர்க்காரர்கள் முதலில் அதைத் தாண்டி நடந்தார்கள், பிறகு பழகிப் போய், தாண்டுவதையே மறந்து காலை மட்டும் தூக்கினார்கள். அதனால் குல்பாக் ஆட்கள் வெளியூர்ச் சந்தையில் நடக்கும்போதும் அவ்வப்போது காரணமில்லாமல் ஒரு காலைத் தூக்கி வைப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பசு இரண்டு இலைகளைத் தின்றது. மறுநாள் அது கறந்த பாலில் எந்த மாற்றமும் இல்லை. தார் போட வந்தவர்கள் கொடியின் மேலேயே தாரை ஊற்றி உருளையை ஓட்டினார்கள். காலையில் கொடி தாருக்கு மேலே இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் பளபளப்பாக. பள்ளித் தலைமையாசிரியை ஏழாம் வகுப்பைக் கூட்டி வந்து நாள் வளர்ச்சியை அளக்கச் சொன்னாள். இந்தக் கணக்கில் போனால் புத்தாண்டுக்குள் சீனாவைத் தொட்டுவிடும் என்று ஒரு மாணவி கணக்குப் போட்டுச் சொன்னதும், அது மேற்கே போகிறது, சீனா கிழக்கே இருக்கிறது என்று தலைமையாசிரியை அவளுக்குப் பாதி மதிப்பெண் போட்டாள்.

தெருச்சபைத் தலைவர் ஹைதர் அகா கூட்டம் போட்டார். கோப்பு ஒன்று திறந்தாக வேண்டும், ஆனால் எந்தத் தலைப்பில் திறப்பது என்பதுதான் அவருடைய கவலை.

"இது கட்டடம்னா நகர அமைப்பு ஆபீசுக்கு எழுதணும். பயிர்னா விவசாய ஆபீசுக்கு. சரக்குன்னா சந்தை ஆபீசுக்கு. இது என்னன்னு யாராவது சொல்லுங்க."

"அது எங்கயோ போயிட்டிருக்கு, ஹைதர் அகா," என்றார் ரொட்டி சுடுகிறவர். "வழியில நம்ம ஊரு இருக்கு. அவ்வளவுதான்."

"அப்படின்னா விருந்தாளி," என்றாள் ஹோசியத்.

அந்த வார்த்தை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. விருந்தாளியாக வந்தவரிடம் எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று கேட்கிற வழக்கம் அந்த நாட்டில் இல்லை. மறுநாளிலிருந்து கொடியின் நுனி யார் வீட்டெதிரே இருக்கிறதோ அந்த வீட்டார் ஒரு கிண்ணம் தேநீரும் ஒரு ரொட்டியும் அதன் பக்கத்தில் வைத்தார்கள். கிண்ணம் ஆறியதும் அதைக் குடித்து ரொட்டியைத் தின்பது பக்கத்து வீட்டாரின் பொறுப்பாயிற்று. இப்படியாகப் பல வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு மூன்று குடும்பங்கள் கொடிக்காகப் பேசிக்கொண்டன.

ஊரின் எல்லையில் கால்வாய் இருந்தது. அங்கே வந்ததும் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொடி தண்ணீருக்குள் இறங்காமல், பாலத்துக்கும் போகாமல், தண்ணீரின் மேலேயே தைத்துக்கொண்டு போனது. பதினொரு பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கரையில் குந்தி, தண்ணீரில் எங்கே குத்தினால் நூல் நிற்கும் என்று வெகுநேரம் ஆராய்ந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தையல் நின்றுகொண்டிருந்தது, தையலுக்குக் கீழே மீன்கள் இலைகளின் நிழலில் ஒதுங்கின. அப்போதுதான் ஹோசியத், ஓர் இலைக்கு நேராகக் குனிந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னாள்.

"இந்தக் கொக்கியைப் பாருங்க. இலை நுனி இடது பக்கமா வளைஞ்சு கொக்கி போடுது. இடது கைக்காரி வரைஞ்ச இலை. இது சனோபரோட இலை."

எல்லோரும் மஸ்தூராவைப் பார்க்காமல் இருப்பதற்காக மீன்களைப் பார்த்தார்கள்.

சனோபர் என்பவள் மஸ்தூராவோடு சேர்ந்து பட்டறையைத் தொடங்கியவள். மஸ்தூராவுக்கு ஆட்களைச் சேர்க்கத் தெரியும், பேசத் தெரியும், ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கத் தெரியும். சனோபருக்கு வரையத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் தாஷ்கண்டில் நடந்த கைவினைச் சந்தையில் அவர்களுடைய சூசானிக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தபோது, தொலைக்காட்சிப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, இதை வரைந்தது யார் என்று கேட்டாள். மஸ்தூரா, நான்தான் என்றாள். சனோபர் அப்போது குல்பாக்கில், தன் வீட்டில், மற்ற பெண்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்தூரா திரும்பி வருவதற்குள் அவள் பெட்டியைக் கட்டி, இருபத்திரண்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கும் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். பட்டறை என்று சொல்ல வந்தேன், வாய் தவறி நான் என்று வந்துவிட்டது என்று மஸ்தூரா எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தைத்த எல்லாத் துணிகளும் சனோபர் விட்டுப்போன பழைய காகிதங்களிலிருந்து படியெடுத்தவைதான்.

கால்வாயைத் தாண்டியதும் கொடி வேகம் பிடித்தது. திறந்த வெளியில் அது ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் போனது. சனோபரைத் தேடித்தான் போகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. என்றைக்குப் போய்ச் சேரும் என்பதைப் பற்றி ரொட்டிக் கடையில் நாள்தோறும் விவாதம் நடந்தது. வேன் ஓட்டுநர் ஒவ்வொரு மாலையும் வந்து அது எங்கே இருக்கிறது என்று செய்தி சொன்னார். மஸ்தூரா அந்தச் செய்தி சொல்லப்படும்போது எப்போதும் உள்ளே ஏதாவது வேலையாக இருந்தாள், ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

மே மாதக் கடைசியில் கமோலா தாஷ்கண்டிலிருந்து தானே காரோட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் போல ஒரு பதற்றம். சூசானியைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டது. அதன் மூலையிலிருந்து வாசல் வழியாகக் கால்வாய் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஓபா, எனக்குச் சனிக்கிழமை கடை திறப்பு. அழைப்பு அனுப்பியாச்சு. இதைச் சுவத்துல இருந்து எடுக்கணும்."

"எப்படி எடுக்கிறது?" என்றாள் மஸ்தூரா.

"வெட்டித்தான்."

பதினொரு பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வெட்டினால் துணி முழுவதும் பிரிந்துவிடும் என்றாள் ஒருத்தி. கால்வாயில் வெள்ளம் வரும் என்றாள் இன்னொருத்தி. விருந்தாளியை வெட்டுவதா என்று மூன்றாமவள் கேட்டாள். வெட்டாவிட்டால் நாற்பது கோட்டும் போய்விடும், என் மகன் அடுத்த வாரமே கிளம்பிவிடுவான் என்று நான்காமவள் சொன்னாள். மஸ்தூரா கத்தரிக்கோலை எடுத்தாள். துணியின் ஓரத்துக்கும் சுவருக்கும் இடையில் அதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்.

எதுவும் நடக்கவில்லை. துணி துணியாக இருந்தது. சுவரில் கொடி கொடியாக இருந்தது. கால்வாயில் வெள்ளம் வரவில்லை. மாலையில் வேன் ஓட்டுநர் வந்து, கொடி வழக்கம்போல ஒரு கிலோமீட்டர் போயிருப்பதாகச் சொன்னார்.

சூசானியைச் சுருட்டிக் காரில் வைத்த பிறகு கமோலா ஒரு சிறிய நோட்டை எடுத்தாள். "பக்கத்துல ஒரு அட்டை மாட்டுவோம், ஓபா. வரைஞ்சவங்க பேரு போடணும். உங்க பேரை எப்படி எழுதணும்னு சொல்லுங்க, தப்பா அச்சடிச்சிடக் கூடாது."

மிகச் சுலபமான கேள்வி அது. ஒலிவாங்கி இல்லை, கூட்டம் இல்லை. முயல் சுவரோரமாகப் பெண்கள் நூல்கண்டுகளை அடுக்குவது போலப் பாவனை செய்துகொண்டு நின்றார்கள். மஸ்தூரா கத்தரிக்கோலை அதன் ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் போன்ல சொல்றேன்," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேனில் ஏறினாள். சாலைக்கு இணையாகக் கொடி வந்துகொண்டே இருந்தது: பருத்தி வயல் ஓரமாக, பழுதாகிக் கிடந்த ஒரு டிராக்டரின் மேலேறி இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்கு மரியாதையாக ஒரு சுற்று விலகி, மறுபடி சாலைக்கு வந்து. ஓட்டுநர் பாட்டைக் குறைத்துவிட்டு, "நேத்தே தோக்குஸ்குடுக் ஊருக்குள்ள போயிடுச்சு," என்றார். தோக்குஸ்குடுக் என்றால் ஒன்பது கிணறு என்று அர்த்தம், இருப்பது இரண்டு. அந்த ஊரில்தான் சனோபர் இருந்தாள். அவளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று மஸ்தூரா இருபத்திரண்டு கிலோமீட்டரும் யோசித்தாள். மன்னிப்பு கேட்க வந்தேன் என்பதா, பெயர் கேட்க வந்தேன் என்பதா? இரண்டில் எது உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை.

வேன் நின்ற இடத்தில் ஊரே சாலையில் நின்றது. நடுவில், நீலநிறக் கதவு போட்ட வீட்டுக்கு முன்னால், மாவு படிந்த மேலங்கியோடு, கையில் கிரீம் பிழிகிற துணிக்கூம்போடு சனோபர் நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். அவள் அந்த வட்டாரம் முழுவதற்கும் கல்யாணக் கேக் செய்துகொண்டிருக்கிறாள் என்று மஸ்தூரா கேள்விப்பட்டிருந்தாள்.

"கேக்கா?" என்றாள் சனோபர், எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பது போல. "எத்தனை பேருக்கு?"

"கேக் இல்ல."

"அப்ப உள்ள வா. கிரீம் உருகிடும்."

சமையலறை மேசையில் மூன்றடுக்குக் கேக் ஒன்று இருந்தது. அதன் பக்கங்களில் கொடி ஓடியது, அதே கொக்கி இலைகளோடு. சனோபர் இடது கையால் வேலையைத் தொடர்ந்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள் மஸ்தூரா.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. காலையில வரைவேன், சாயங்காலம் தின்னுடுவாங்க. யாரும் தன்னோடதுன்னு சொல்ல முடியாது."

மஸ்தூரா உட்காரவில்லை. "அந்த டிவிக்காரி கேட்டப்ப நான்னு சொன்னேன்."

"சொன்னே. பார்த்தேன். தலையை நல்லா வாரியிருந்தே."

"பட்டறைன்னு சொல்ல வந்தேன், வாய் தவறிடுச்சுன்னு ஊர்ல சொன்னேன். அது பொய், சனோபர். பதினாறு வருஷம் காலர் தைச்சவ நான். ஒரு சட்டையிலகூட என் பேரு இருந்ததில்ல. அந்த நிமிஷம் எனக்கு நான்னு சொல்லணும்போல இருந்தது. சொல்லிட்டேன். அவ்வளவுதான் உண்மை."

சனோபர் ஓர் இலையை முடித்தாள், நுனியை இடது பக்கமாக வளைத்து விட்டாள். கூம்பைக் கீழே வைத்தாள்.

"அப்பவே வந்து இதைச் சொல்லியிருந்தா உன் தலைமுடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். மறுநாள் வேலைக்கும் வந்திருப்பேன். இப்ப இழுக்கிற அளவுக்குக் கோபமும் இல்ல, வர்ற அளவுக்கு ஆசையும் இல்ல."

"கடைக்காரங்க பேரு கேட்கிறாங்க. உன் பேரைச் சொல்லலாமான்னு கேட்க வந்தேன்."

"என் பேரைச் சொல்றதுக்கு என்கிட்ட எதுக்குக் கேட்கணும்? என் பேரைச் சொல்லாததுக்குத்தான் கேட்டிருக்கணும்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லு. ஆனா மன்னிச்சுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. நான் இன்னும் முடிவு பண்ணல."

மஸ்தூரா தலையை ஆட்டினாள். அழுகை வந்தது, அழக்கூடாது என்று கேக்கைப் பார்த்தாள். அதற்குள் சனோபர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த இறுக்கம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"உன் ஊர்ல இதைப் பத்தி என்ன சொல்றாங்க?"

"உன்னைத் தேடித்தான் போகுதுன்னு சொல்றாங்க."

"இங்கயும் அதையேதான் சொன்னாங்க. ஊரே என் வாசல்ல காத்திருந்தது. நானும் வாசலைப் பெருக்கி, தண்ணி தெளிச்சு, நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு நின்னேன். கதவு வரைக்கும் வந்துச்சு. திரும்பிக்கூடப் பார்க்காம நேராப் போயிடுச்சு."

மஸ்தூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனோபர் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள், மனசில்லாமல் தொடங்கி, மேசையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

"எங்க போகுது அது?" என்றாள் மஸ்தூரா.

"என்னைக் கேட்டா? நான் வரைஞ்சது சுவரளவுதான். இவ்வளவு தூரம் நான் வரையவே இல்ல."

கேக்கை அடித்தளக் குளிரறையில் வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்து கொடியோடு நடந்தார்கள். ஊர் முடிந்தது, இரண்டாவது கிணறும் முடிந்தது, கடைசி மின்கம்பம் முடிந்தது. அதற்கப்பால் கூழாங்கல்லும் முட்புதரும் மட்டும் இருந்த தரையில் கொடியின் நுனி கிடந்தது. சனோபர் குனிந்தாள். பிறகு மண்டியிட்டாள். பிறகு, வெள்ளை மேலங்கி அழுக்காவதைப் பற்றி யோசிக்காமல், வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தே விட்டாள்.

"மஸ்தூரா, இங்க பாரு. இது என் இலை இல்ல."

மஸ்தூராவும் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். தண்டு அதே தண்டுதான். ஆனால் கடைசி நான்கு இலைகளில் கொக்கி இல்லை. அவை முட்புதரின் இலைகளைப் போலக் குறுகி, ஓரம் சுருண்டு, நடுவில் கூழாங்கல்லின் சாம்பல்நிறத்தில் ஒரு நரம்போடு இருந்தன; அந்தச் சாம்பல்நிற நூலை இரண்டு பேரும் எந்தச் சாயத்தொட்டியிலும் பார்த்ததில்லை.

"எப்படி இந்த நிறம் வந்துச்சு? வால்நட் தோலா?" என்றாள் மஸ்தூரா.

"வால்நட் இவ்வளவு வெளுக்காது. பேனா இருக்கா?"

பேனா இருந்தது, காகிதம் இல்லை. சனோபர் மஸ்தூராவின் கையை இழுத்து உள்ளங்கையை விரித்து, அதில் அந்த இலையை வரைந்தாள். ஒன்று சரியாக வரவில்லை என்று மணிக்கட்டில் இன்னொன்று வரைந்தாள். வெயில் ஏறியது. திரும்பும் வேன் சாலையில் வந்து, ஒலி எழுப்பி, காத்திருந்து, போய்விட்டது.

அன்று சாயங்காலம் மஸ்தூரா சனோபரின் வீட்டிலிருந்தே கமோலாவுக்குப் போன் செய்து பெயரைச் சொன்னாள், எழுத்து எழுத்தாக. வரைந்தவள் பெயர் மட்டும் போடுவதா, தைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஹோசியத் மறுநாள் இன்னொரு போன் செய்ததால், அட்டை ஒரு கதவளவுக்குப் பெரிதாகி, சனோபரும் பதினொரு பெண்களுமாகப் பன்னிரண்டு பெயர்களோடு கடையின் நடுச்சுவரில் சூசானிக்குப் பக்கத்தில் தொங்கியது. அழைக்கப்பட்டவர்கள் துணியைப் பார்த்த நேரத்துக்குச் சமமாக அட்டையையும் பார்த்தார்கள். நாற்பது கோட்டு என்பது அறுபது ஆயிற்று. அவற்றில் புது இலை இருந்தது. அந்தச் சாம்பல்நிறத்தைப் பிடிக்க மட்டும் மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில் கூழாங்கல்லோடு சேர்த்து மாதுளைத் தோலைக் கொதிக்க வைத்தபோது வந்தது.

சனோபர் பட்டறைக்குத் திரும்பவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் வேனில் வந்து, துணியின் மேல் மண்டியிட்டு ஒரே மூச்சில் வரைந்து, ஓரத்தில் தன் பெயரை எழுதி, தேநீர் குடித்துவிட்டுப் போவாள். வேறு இரண்டு ஊர்ப் பட்டறைகளுக்கும் அப்படித்தான். மற்ற நாட்களில் கேக் செய்தாள். மன்னித்துவிட்டாயா என்று மஸ்தூரா ஒரு தரம் கேட்டதற்கு, இன்னும் இரண்டு கல்யாண சீசன் போகட்டும் என்றாள்.

கொடி போய்க்கொண்டே இருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அதன் நெடுகக் கூடாரம் போட்டார்கள், வழி தவறாது என்பதால். இலையுதிர்காலத்தில் அது வடக்கே திரும்பி எல்லையைக் கடந்தது. காவலர்கள் பதிவேட்டில், நூல், ஆயுதம் எதுவும் இல்லை, பேசவில்லை என்று எழுதி அதை விட்டுவிட்டார்கள். பிறகு பனி விழுந்தது. நான்கு மாதம் ஒரு செய்தியும் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, வெங்காயம் ஏற்றிப் போக வந்த கசாக் லாரிக்காரர் ஒருவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, சுவரிலிருந்து தெருவுக்குப் போகும் கொடியைக் காட்டி, எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருப்பது இதுதானா என்று கேட்டார். அது அங்கே உப்பு ஏரி ஒன்றின் கரையில் நின்று பூ விட்டிருக்கிறதாம். போனில் படம் வைத்திருந்தார். பதினொரு பெண்களும் மஸ்தூராவும் சனோபரும் அந்தச் சின்னத் திரையின் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தார்கள். நீலமும் இல்லாத ஊதாவும் இல்லாத இதழ்கள் ஐந்து தெரிந்தன, ஆள் உயரத்துக்கு. நடுப்பகுதி முழுவதையும் லாரிக்காரரின் கட்டைவிரல் மறைத்திருந்தது.

"நடுவுல என்ன இருக்கு?" என்றாள் சனோபர்.

லாரிக்காரர் யோசித்தார். "பார்த்தேன். ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வேற படம் இருக்கா?"

"எல்லாத்துலயும் விரல் இருக்கு, ஓபா. எனக்குக் கை பெரிசு."

சனோபர் மஸ்தூராவைப் பார்த்தாள். மஸ்தூரா சனோபரைப் பார்த்தாள். எத்தனை நாள் பயணம் என்று இருவரில் ஒருத்தி கேட்டாள்; மூன்று நாள் என்று லாரிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி ரொட்டியும் பென்சில் டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருவரும் லாரியின் முன்னிருக்கையில் ஏறி, முழங்காலோடு முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"அடியே, பட்டறையை யாரு திறக்கிறது? சனிக்கிழமை கேக்கு யாரு செய்றது?" என்று ஹோசியத் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

மஸ்தூரா ஜன்னல் வழியாகச் சாவிக் கொத்தை வீசினாள். ஹோசியத் மேலங்கியை விரித்து அதைப் பிடித்துக்கொண்டு, நடுவில் என்ன இருந்தாலும் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கத்தினாள். லாரி அதற்குள் கால்வாய்ப் பாலத்தின் மேல் ஏறிவிட்டது.